கால் இழுத்தது, தலை திரும்பவில்லை

அடுப்பில் பட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறீர்களே, வலித்ததால் இழுத்தீர்களா, இழுத்த பிறகு வலித்ததா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்ன இரண்டு நல்ல மனிதர்கள் ஒரு நாயைக் காப்பாற்றப் பார்த்தார்கள். சரியான பதில் சொன்ன ஒருத்தி அதைக் கிட்டத்தட்டக் கொன்றே விட்டாள். அப்படியிருந்தும் இது அந்த ஒருத்தியின் பக்கம் நின்று சொல்லப்படும் கதை.

மிருக ஆஸ்பத்திரியில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். சட்டம் படித்தவளல்ல, பிசியோதெரபி படித்தவள். நடக்க முடியாமல் வரும் நாய்களுக்கும் பூனைகளுக்கும் கால் நீட்டி மடக்கப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. ஆனால் எந்தப் பிராணியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் "ஏன்?" என்று எழுந்து நின்றுவிடுவாள். வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். பள்ளி பஸ் ஓட்டுகிற அவள் கணவர், அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்வார்: "கறுப்புக் கோட்டையும் சேத்துக் கழட்டிடும்மா. இங்க கோர்ட்டு லீவு."

முன்பு அவள் மனிதர்களின் ஆஸ்பத்திரியில், முதுகு ஒடிந்தவர்களின் வார்டில் இருந்தாள். சாரத்திலிருந்து விழுந்த ஒரு பெயின்டரின் கட்டில் அருகே நின்று, பெரிய மருத்துவர் ஒருவர் மாணவர்களிடம், "இவருக்கு இனிமே ஒண்ணுமில்ல" என்றார், உடைந்த நாற்காலியைக் காட்டிச் சொல்வதுபோல. "சார், அவருக்குக் காது நல்லாக் கேக்குது" என்றாள் இவள். அடுத்த வாரமே துணி அறையில் படுக்கை விரிப்பு எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். விரிப்புகளிடம் வாதாட முடியாது என்பதால் அந்த வேலையை உதறிவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள்.

இங்கே அவள் அறையில் ஒரு ரப்பர் பாய், சரிவுப் பலகை வைத்த தண்ணீர்த் தொட்டி, பழைய விரிப்புகளைக் கிழித்துத் தைத்த தூக்குப் பட்டைகள். எப்போதும் பினாயிலும் ஈரமான ரோமமும் கலந்த வாடை. சுவரில், அவள் வருவதற்கு முன்பே திருகாணி போட்டு இறுக்கிய ஒரு தகரப் பலகை: 'பின்னங்கால்களில் வலி உணர்வு இல்லாத, உரிமையாளர் அற்ற நாய்கள்: மறுபரிசோதனையில் முடிவு.'

முடிவு என்றால் ஊசி. ஊசி போட்டுக் கொல்வது என்று எழுதக் கை கூசியிருக்கிறது, போடக் கூசவில்லை. அதைவிட அவளைக் குடைந்தது 'உரிமையாளர் அற்ற' என்ற இரண்டு சொற்கள். அதே அறையில் வெள்ளை வெளேரென்று ஒரு சீமை நாய் மழைக்காலம் முழுக்க வந்தது, வெயில் காலத்திலும் வந்துகொண்டிருந்தது. வார்டு ஆட்கள் அதைப் 'பஞ்சுமிட்டாய்' என்பார்கள். அதற்கும் பின்னங்கால்களில் உணர்வு துளியும் இல்லை. ஆனால் அதை மடியில் வைத்துக் காரிலிருந்து இறங்கும் அம்மாள் ஒருவர் இருந்ததால், அந்தப் பலகையின் கண்ணுக்குப் பஞ்சுமிட்டாய் தெரியவில்லை.

இப்படியான நேரத்தில்தான் முதலாளி வந்தார்.

முதலாளி ஒரு தெருநாய். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். கடைவீதியில் பூட்டு ரிப்பேர் செய்து, சாவி அடித்துக் கொடுக்கும் ஒருவரின் பெட்டிக்கடை வாசலில் வளர்ந்தது. பூட்டுக்காரர் டீ குடிக்க எழுந்தால் போதும், அவருடைய முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கும். "முதலாளி இருக்காரு, தொழிலாளி எங்க?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பின்பக்கமாக வந்த ஒரு வேன் மோதி முதுகு அடிபட்ட அன்று, பூட்டுக்காரர் கடைக் கதவையே கழற்றி, அதில் கிடத்தித் தூக்கி வந்தார். தன் பெயரில் எழுதிக்கொண்டு கூட்டிப் போகவும் தயார்தான். ஆனால் கடை என்பது நாலு தகடும் ஒரு முக்காலியும். குடியிருப்பதோ பலபேர் தங்கும் விடுதியில் ஒரு கட்டில். அடிவயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுத்துவிட வேண்டிய, புரட்டிப் போடாவிட்டால் புண் வைத்துவிடும் ஒரு நாயை எங்கே கிடத்துவார்? முதலாளி 'உரிமையாளர் அற்ற' கணக்கில் போனார்.

முதல் சோதனையில் இந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கால்விரலை இடுக்கியால் அழுத்தினார். நாய் அசையவில்லை. பெரிய டாக்டர் கெட்டவரல்ல. நல்ல மனிதர், களைத்துப்போன மனிதர். வாசலில் எப்போதும் அடுத்த நாய் காத்திருக்கும். "பாவம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பூட்டுக்காரர் வார்டுக்கு வருவார். வக்கீலம்மா முதலாளியின் காலை மடக்கி நீட்டும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேள்வி கேட்பார். அவளுக்கு அது பிடிக்கும்.

"இந்த நரம்பு மறுபடி ஒட்டுமாம்மா?"

"எந்த நரம்புங்கிறதப் பொறுத்துண்ணே. தொட்டா, கிள்ளினா சேதி சொல்ற நரம்புச் செல்லு இருக்கு பாருங்க, அதோட உடம்பு முதுகெலும்பு பக்கத்துல ஒரு குட்டி முடிச்சுல உக்காந்திருக்கு. அதுக்கு ரெண்டு கை. ஒரு கை கால்விரல் வரைக்கும் போகுது. இன்னொரு கை தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்சு மேல போகுது. வெளிய போற கை அறுந்தா மெல்ல மெல்ல வளந்துடும். உள்ள போற கை அறுந்தா வளராது. முட்டிக்கிட்டு அப்படியே நின்னுடும்."

"ரெண்டு கையும் ஒரே ஆளோடதுதானே? ஒரு கை உழைக்குது, ஒரு கை ஏன் சோம்பேறியா இருக்கு?"

"அதத்தான் உலகம் பூரா கேட்டுக்கிட்டிருக்காங்க. எலிகள்ல பாத்தப்போ, வெளிக்கைக்குக் காயம் பட்டா அந்தச் செல்லே முழிச்சுக்குதுன்னு தெரிஞ்சுது. வளர்ற புத்தி வருது. அப்ப உள்கையும் கொஞ்ச தூரம் வளருதாம்."

அதற்குள் பஞ்சுமிட்டாயின் கார் வந்துவிட்டது. அவள் எழுந்து போய்விட்டாள். பேச்சு பாதியில் நின்றது. அந்தப் பாதி என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மறுபரிசோதனைக்கு முந்தின நாள் வார்டே சந்தோஷத்தில் இருந்தது. பூட்டுக்காரர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க! முதலாளி வேலைக்குத் திரும்பிட்டாரு!" என்று அவளை இழுத்துப் போய், நாயின் இடது கால்விரலை நுனிவிரலால் கிள்ளினார். கால் சட்டென்று மடங்கிப் பின்னுக்கு இழுத்தது. வார்டு ஆட்கள் கைதட்டினார்கள். "அதிசயம்மா!" என்றார் துடைப்பத்தோடு நின்ற ஒருவர்.

அவள் கால்களைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தாள். முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகுதான் விரல்களைப் பார்த்தாள். நடுவிரல் இரண்டும் வீங்கி, நகக்கண் நீலம் பாரித்திருந்தது.

"என்னண்ணே இது?"

பூட்டுக்காரர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"பாக்கெட்ல என்ன?"

"ஒண்ணுமில்லம்மா, தொழில் சாமான்."

"எடுங்க வெளிய."

சின்னக் குறடு ஒன்று வெளியே வந்தது. அதன் இரண்டு வாயிலும் மெத்தென்று துணி சுற்றி, நூலால் கட்டியிருந்தார்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க? வெளிப்பக்கம் காயம் பட்டா செல்லு முழிச்சுக்கும்னு? தினம் கொஞ்சம் கொஞ்சமா... துரு ஏறின பூட்டையே ஆட்டி ஆட்டித்தான் தொறக்கறேன். மெதுவாத்தாம்மா அமுக்கினேன்."

அவளுக்கு வந்த கோபம் அவர் மேல் பாதி தூரம் போய்த் தன் மேலேயே திரும்பியது. பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாதி சொல்லிட்டுப் போனது என் தப்பு. மீதியக் கேளுங்க. அந்த எலிகளுக்கு வெளிநரம்புல முதல்ல காயம், அப்புறம்தான் தண்டுவடத்துல. செல்லு முன்னாடியே முழிச்சிருந்துச்சு, அதனால வளந்துச்சு. நம்மாளுக்கு வரிசை தலைகீழா ஆயிடுச்சு. அடிபட்ட பிறகு போய் எழுப்பினா பலன் ரொம்பக் கொஞ்சம். அதுவும் அந்த ஆராய்ச்சிக்காரங்க தொட்டது தொடை நரம்பை. நீங்க நசுக்கினது விரல. விரல நசுக்கினா விரல்தாண்ணே நசுங்கும்."

"ஆனா பலன் தெரியுதே! கால இழுக்குதே!"

"குறட்டால அமுக்குறப்போ முதலாளி உங்கள என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணுவாரு? என் கைய நக்கிக்கிட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. விரல் நீலம் பாரிக்கிற அளவுக்குக் குறட்டால் நசுக்கியவனின் கையை எந்த நாய் நக்கும்?

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "விரல்லேருந்து சேதி தண்டுவடத்தோட கீழ்ப்பகுதிக்கு வருது. அடிபட்டது அதுக்கும் மேல. அதனால மூளைக்குப் போகாம அங்கேயே 'இழு'ன்னு உத்தரவு ஆயிடுது. மேலதிகாரிக்குத் தெரியாம கீழ் ஆபீசே கையெழுத்துப் போட்டு அனுப்புற மாதிரி. அடிபட்ட புதுசுல அந்த ஆபீசும் அதிர்ச்சியில மூடிக் கிடந்துச்சு, இப்பத் தொறந்துடுச்சு. கால் இழுக்கும். ஆனா முதலாளிக்குத் தெரியாது."

பூட்டுக்காரர் நாயின் மடிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு டாக்டர் கிள்ளுவாரு. கால் இழுக்கும். நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்மா. உசுரு தப்பிச்சிடும்."

"கேட்டா நான் உள்ளதத்தான் சொல்வேன்."

"நீங்க வக்கீலா, எதிர்க்கட்சியா?" என்று கத்தினார் அவர். துணி சுற்றிய குறடு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் எல்லாம் சொன்னாள். அவர் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு பொய்தானே. நேத்து நான் வச்ச குழம்பு நல்லாருக்குன்னு கூசாம சொன்னியே."

"அது உங்களோட போயிடும். இது அடுத்த நாய் தலையில விழும். கால் இழுத்தா உணர்வு இருக்குன்னு நாளைக்கு நான் ஒத்துக்கிட்டா, கால் இழுக்காத நாயக் கொல்றதுக்கும் நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும். பலகை அப்படியே இருக்கும். ஒரு நாய் மட்டும் அதுக்கு அடியில நுழைஞ்சு தப்பிச்சிருக்கும்."

"சரி. உண்மையச் சொல்லி நாய் போயிட்டா?"

அவள் அடுப்படி வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அவரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். முதலாளியைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். பூட்டுக்காரர் கதவோரம், யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். டாக்டர் இடுக்கியால் விரலை அழுத்தினார். கால் இழுத்தது. வலது காலை அழுத்தினார். அதுவும் இழுத்தது.

தலை திரும்பவில்லை. அது டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு நொடி அவர் கண் நாயின் முகத்துக்குப் போய் வந்ததை அவள் பார்த்தாள். ஆனால் அவர் பூட்டுக்காரரையும் பார்த்திருந்தார்.

"இழுத்துடுச்சே. நல்லது. 'உணர்வு உண்டு'ன்னு போட்டுக்கலாம்" என்று எழுந்தார்.

அறையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அவள் சும்மா இருந்திருந்தால் போதும். கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

"இல்ல சார்" என்றாள் வக்கீலம்மா. "உணர்வு இல்ல."

பூட்டுக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்? வருஷம் பூரா இந்தப் பலகையோட சண்டை போடுறது நீங்க. நானே விட்டுக்கொடுக்குறேன். நீங்க குறுக்க வர்றீங்க. உணர்வு இல்லேன்னா விதி என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும். விதியத்தான் கேக்குறேன். உணர்வு இல்லேன்னா சாகணும்னு எங்க சார் எழுதியிருக்கு? பஞ்சுமிட்டாய்க்கும் இல்ல. அது நேத்து தொட்டியில நீந்திட்டுப் போச்சு. அதுக்கு ஒரு அம்மா இருக்காங்க, இதுக்கு ஒரு முக்காலிதான் இருக்கு. வித்தியாசம் தண்டுவடத்துல இல்ல சார், வாசல்ல நிக்கிற வண்டியில இருக்கு."

"வக்கீலம்மா..."

"முடிக்கல சார். முதல் சோதனை எப்படி நடந்துச்சு? இரும்பு மேசை, வாய்க்கட்டு, நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு. பயந்த நாய் கல்லு மாதிரிதான் கிடக்கும். அது சோதனையா? எல்லா நரம்பும் அறுந்துதான் போயிருக்கும்னு நமக்கு எப்படித் தெரியும்? அறுந்தது வளரும்னு நான் சொல்லல, அது பொய். ஆனா அறுபடாம வீக்கத்துல அமுங்கிக் கிடக்கிறது முழிக்க நாளாகும். சில நாய்க்கு மாசக்கணக்குல ஆகும். சிலதுக்கு வரவே வராது, ஆனாலும் பழக்கினா நிக்கும், ஆடி ஆடி நடக்கும். நீங்க இரக்கப்பட்டு எழுதுற பொய் எனக்கு வேண்டாம். உண்மைய எழுதுங்க, அதுக்கு அடியில 'ஆனாலும் வாழட்டும்'னு எழுதுங்க."

டாக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். முதலாளி அவருடைய செருப்பை முகர்ந்து பார்த்தார்.

"உணர்வு திரும்பினா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கடைசியில் கேட்டார். "நீங்க ஆசைப்பட்டு 'வந்துடுச்சு'ம்பீங்க."

"அதான் சரியான கேள்வி! ஆசைப்படுறவ கண்ண நம்பாதீங்க. நம்பாத நீங்க வந்து பாருங்க."

டாக்டர் பலகையை ஒரு தடவை படித்தார், முதல் முறையாகப் படிப்பவர்போல. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட ஸ்க்ரூடிரைவர் இருக்கா?" என்றார்.

பூட்டுக்காரரிடம் இல்லாமலா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து திருகினார். ஆணிகள் துருப்பிடித்திருந்தன. "இதையும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும்" என்றார், அவள் பக்கம் பார்க்காமலே.

அதன்பின் நடந்தது பெரும்பாலும் சலிப்பான வேலை. மீண்டு வருவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சலிப்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தூக்குப் பட்டையில் தொங்கவிட்டுப் பாதங்களைத் தரையில் பதிக்க வேண்டும். தொட்டியில் இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், துடைக்க வேண்டும். பூட்டுக்காரர் மத்தியானம் வந்து, கடையிலிருந்த முக்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டு அதில் தான் உட்கார்ந்துகொள்வார். தன் ஆசனத்தில் தொழிலாளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த முதலாளி, முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு குரைத்தபடி வருவார். குறட்டால் அமுக்குவதைவிட இது நல்ல மருந்து என்று வக்கீலம்மா ஒத்துக்கொண்டாள். விளையாட்டும் துணையும் நிறைந்த பெரிய கூண்டில் இருந்த எலிகளின் உணர்வுச் செல்கள், வெறும் கூண்டில் அடைபட்டவற்றைவிட, அடிபட்ட பிறகு நன்றாக வளர்ந்ததையும் சொன்னாள். இந்தமுறை பாதியில் நிறுத்தவில்லை: "அந்த எலிகளும் அடிபடுறதுக்கு முன்னாடியே அப்படி வாழ்ந்ததுங்க. ஆனா நல்லா வாழறதுக்கு ஆராய்ச்சி அனுமதி வேண்டாம்ணே."

வாரம் ஒருமுறை சோதனை. அறைக்குக் குறுக்கே ஒரு விரிப்பைக் கட்டி, நடுவில் வெட்டிய ஓட்டை வழியாக நாயின் முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி மறுபக்கம். தலைப் பக்கம் பெரிய டாக்டர், வால் பக்கம் வக்கீலம்மா. அவள் சில சமயம் விரலைக் கிள்ளுவாள், சில சமயம் சும்மா இருப்பாள். எப்போது என்று அவருக்குத் தெரியாது. நாய் எதையாவது உணர்ந்ததாகத் தோன்றினால் அவர் "இப்போ" என்று சொல்ல வேண்டும். பூட்டுக்காரர் அறைக்கு வெளியே. அவர் உள்ளே இருந்தால் நாய்க்கு வேறெதுவும் கண்ணில் படாது.

"இப்போ!"

"தொடவே இல்ல சார்."

"கண்ணச் சிமிட்டுச்சே?"

"ஈ சார்."

வாரங்கள் போயின. முதலாளி தட்டுத்தடுமாறி நிற்க ஆரம்பித்தார். பிறகு குடித்தவன்போல் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தார். வார்டு மறுபடி கைதட்டியது. "இப்பவாச்சும் உணர்வு வந்துடுச்சுன்னு சொல்லலாமா?" என்று டாக்டரே ஆவலாகக் கேட்டார். "இல்ல சார். கீழ் ஆபீஸ் நடக்கக் கத்துக்கிச்சு, அவ்வளவுதான்" என்றாள். அப்படிச் சொன்ன அன்று அவள் சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கப் போனாள். கணவர் வைத்த குழம்பைப் பற்றிப் பொய்கூடச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள், விரிப்புக்குப் பின்னால் அவள் இடது காலின் கடைசி விரலை அழுத்தினாள்.

"இப்போ" என்றார் டாக்டர்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சும்மா இருந்தாள். அந்தப் பக்கமும் மௌனம். மறுபடி அழுத்தினாள்.

"இப்போ."

வலது காலை அழுத்தினாள். மௌனம். இடது காலை, கொஞ்சம் பலமாக.

"இப்..." என்று டாக்டர் தொடங்கும் முன்பே ஒரு உறுமல் கேட்டது. விரிப்பு கிழிய ஒரு தலை திரும்பி வந்தது. முதலாளியின் பல் அவளுடைய சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது.

வெளியே இருந்து பூட்டுக்காரரின் குரல்: "என்னம்மா சத்தம்? முதலாளி திட்டுறாரா?"

"திட்டுறாருண்ணே!" என்றாள் அவள், கையை விடுவித்துக்கொள்ளாமலே. "நல்லாத் திட்டுறாரு!"

பூட்டுக்காரர் உள்ளே ஓடிவந்தார். நாயின் எதிரே மண்டியிட்டு, சட்டைப்பை வெறுமையாக இருப்பதைத் தட்டிக் காட்டினார். "குறடு இல்ல சாமி, பாத்துக்க. பழசுக்கெல்லாம் சேத்து இப்பக் கடிச்சிடாத."

வலது காலில் உணர்வு வரவேயில்லை. அதையும் அவள் அப்படியே எழுதினாள். முதலாளி இப்போது பகலில் பெட்டிக்கடையிலும் ராத்திரியில் பூட்டுக்காரரின் விடுதியிலும் இருக்கிறார். விடுதிக்காரரிடம் பூட்டுக்காரர் எப்படிப் பேசி அனுமதி வாங்கினார் என்று கேட்டால், "வாதாட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போனேன்" என்கிறார். வக்கீலம்மாவின் அறைச் சுவரில் திருகாணி இருந்த நான்கு ஓட்டைகளை அவள் பூசவில்லை. பெரிய டாக்டர் தன்னிடம் வரும் மாணவர்களை அந்த விரிப்பின் தலைப் பக்கம் உட்கார வைக்கிறார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாயோ, பூனையோ, சாரத்திலிருந்து விழுந்த மனிதரோ, யாரைக் காட்டியும் "இதுக்கு இனிமே ஒண்ணுமில்ல" என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எதைச் சோதித்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள், அப்போது முகத்தை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். உணர்வு இல்லை என்றே பதில் வந்தாலும், அதனால் ஏன் வாழக்கூடாது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த அறையை விட்டு நகராதீர்கள்.